வான் ரீனென் ஏற்றத்தில் பக்கி இழுக்கவில்லை: டர்போ போய்விட்டதா?

மூன்று கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தென்னாப்பிரிக்காவில் வாரம் ஒருமுறை டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் உள்ள லெனேசியாவுக்கு வாழையிலை, பூ, தேங்காய் ஏற்றிப் போகிற டீசல் பக்கி, அதாவது பிக்கப் வண்டி. கடற்கரைப் பக்கம் ஒழுங்காக ஓடுகிறது. என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி ஏற ஏற இழுவை குறைகிறது. வான் ரீனென் கணவாயில் கரும்புகை தள்ளுகிறது, என்ஜின் விளக்கு எரிகிறது, அதற்கு மேல் 60-ஐத் தாண்ட மறுக்கிறது. ஓரம் கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி0299 என்ற கோளாறு எண் வருகிறது, டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் மாற்றிவிடலாமா, விலை குறைந்த ரீகண்டிஷன் டர்போ போதுமா, அதுவரை வண்டியை ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அவ்வளவு பணத்தைக் கொட்டினால் கோளாறு தீருமா?

நீங்கள் எழுதியதை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. சாவியை அணைத்துப் போட்டதும் இழுவை திரும்பி வருகிறதென்றால் டர்போவின் தண்டு உடையவில்லை, சக்கரம் சிதையவில்லை. உடைந்த டர்போ சாவி திருப்பினால் குணமாகாது. நடப்பது இதுதான்: கேட்ட காற்றழுத்தம் கிடைக்காததை என்ஜினின் கணினி கவனிக்கிறது, என்ஜினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடுகிறது, சாவி அணையும்வரை அந்தக் கட்டுப்பாட்டை விடுவதில்லை. பி0299 என்பதற்கு அர்த்தமும் அவ்வளவுதான். கேட்ட பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், வரவில்லை என்கிறது; ஏன் வரவில்லை என்று அது சொல்வதில்லை. டர்போ தேய்ந்திருந்தாலும் அதே எண் வரும், காற்று போகும் ரப்பர் ஓஸ் ஒன்றில் விரல்நீளக் கீறல் இருந்தாலும் அதே எண் வரும். எண்ணை மட்டும் பார்த்து டர்போவை மாற்றச் சொல்வது ஊகம். அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் சோதித்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை அது.

டர்பனில் தெரியாத கோளாறு மலையில் மட்டும் ஏன் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். வான் ரீனென் உச்சி சுமார் 1,680 மீட்டர். ஜோகன்னஸ்பர்க் அதைவிடச் சற்று உயரம். அங்கே அழுத்தம் 82, 83 அளவில்தான் இருக்கும். டர்போ இல்லாத என்ஜினாக இருந்தால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பலம் போயிருக்கும். டர்போ அந்தக் குறையை மறைக்கிறது, ஆனால் சும்மா மறைக்கவில்லை. என்ஜினுக்குள் மொத்தம் 230 கிலோபாஸ்கல் வேண்டும் என்று கணினி கேட்டால், டர்பனில் வெளிக்காற்றை 2.3 மடங்காக அழுத்தினால் போதும். கணவாய் உச்சியில் 2.8 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், அதன் எல்லைக்கு அருகே போக வேண்டும். பல கணினிகள் உயரத்தில் கேட்கும் அளவையே கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சுமை கூடத்தான் செய்யும். கீழே சிறு கசிவு இருந்தால் டர்போ கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டிவிடும், ஓட்டுபவருக்குத் தெரியாது. மேலே ஈடுகட்ட மிச்சம் எதுவும் இல்லை. ஒரு டன் சுமையோடு ஏறும்போது அது அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால் உங்கள் வண்டியில் கோளாறு மலையில் தொடங்கவில்லை. டர்பனிலேயே இருக்கிறது, அங்கேயே தேடலாம்.

தேடும் வரிசை செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஏர் ஃபில்டர். வடக்குக் கரையோரம் கரும்புத் தோட்டம் எரிக்கும் பருவத்தில் அந்தக் கரித்துகள் ஃபில்டரை எதிர்பாராத வேகத்தில் அடைக்கும். ஹைவெல்ட் என்னும் உள்நாட்டு மேட்டுச் சமவெளியின் குளிர்கால வறண்ட தூசும் அப்படித்தான். ஃபில்டர் அடைத்தால் இழுவை குறைவதோடு நிற்காது. டர்போவின் வாயில் உறிஞ்சல் கூடி, உள்ளிருக்கும் ஆயில் காற்றுப் பக்கம் இழுக்கப்படும். டர்போ ஆயில் கக்குகிறது என்று குற்றம் சாட்டப்படும் வண்டிகளில் சிலவற்றுக்கு வேண்டியது புது ஃபில்டர்தான். ஊதிச் சுத்தம் செய்து திரும்பப் போடாதீர்கள். ஊதும்போது காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், அதன் வழியே போகும் தூசு டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தின் இறக்கைகளின் முன்விளிம்பைத் தேய்க்கும். ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காருகிறதா, டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்தியதில் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ஓஸ்கள். உங்கள் அறிகுறிகளை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் என் கை இங்கேதான் போகும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு ஓஸையும் இரு கையாலும் பிடித்து அமுக்கி, மடக்கி, முறுக்கிப் பாருங்கள். கீறல் பெரும்பாலும் மேலே இருக்காது. அடிப்பக்கத்தில், ஏதாவது இரும்புத் தாங்கியில் உரசும் இடத்தில், அல்லது கிளிப்பின் விளிம்புக்குச் சரியாக அடியில் இருக்கும். காற்று இல்லாதபோது அது மூடிக்கொண்டு மயிரிழைபோல் கிடக்கும், கண்ணில் படாது. காட்டிக்கொடுப்பது அதைச் சுற்றியுள்ள அழுக்கு: ஓஸ் முழுக்கக் காய்ந்த தூசு படிந்திருக்க, ஓர் இடத்தில் மட்டும் விசிறி விரித்தாற்போல் கருப்பாக, எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருக்கும். அங்கே விரலால் அமுக்கினால் கீறல் வாய் திறக்கும். இன்டர்கூலரின் இரு ஓரத்திலும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மடித்துச் சேர்த்த இடத்திலும் இதே ஈரக் கறையைத் தேடுங்கள். ஓஸின் உட்புறத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய ஓஸ்களில் உள் அடுக்கு உரிந்து, சூட்டில் இளகி, வழியை அடைத்துக்கொண்டு நிற்பதுண்டு. வெளியே புதிது போலவே தெரியும்.

கண்ணால் பார்த்து எதுவும் தெரியவில்லை என்றால் காற்றழுத்தச் சோதனை. புகை இயந்திரம் உள்ள கராஜில் கால் மணி நேர வேலை. இல்லாவிட்டால், ஃபில்டரிலிருந்து வரும் குழாயை டர்போ வாயிலிருந்து கழற்றிவிட்டு, அந்த வாயின் அளவுக்குப் பொருந்தும் ஒரு மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, ஓஸ் துண்டும் கிளிப்பும் போட்டு இறுக்கி, ரெகுலேட்டர் வழியாக மட்டும் காற்று விடுங்கள். 0.3 பாரில் தொடங்கி 1 பாருக்கு மேல் போகக்கூடாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் பெட்டியில் அழுத்தம் ஏறி சீல்கள் பிதுங்கும். மூடிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், பிடி விட்டால் கல் போல வந்து தாக்கும். பிறகு எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஆயில் மூடி வழியாகவோ சைலன்சர் வழியாகவோ லேசாகக் காற்று போவது இயல்பு, வால்வும் ரிங்கும் கொஞ்சம் விடும். ஓஸிலோ இன்டர்கூலரிலோ நுரை வந்தால் அதுதான் நீங்கள் தேடியது.

புகைப் பக்கத்தையும் விடக்கூடாது. என்ஜினின் புகையைச் சேர்த்து அனுப்பும் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே கேஸ்கெட் கசிந்தால் டர்பைனை, அதாவது டர்போவின் புகைப் பக்கத்துச் சக்கரத்தை, சுற்ற வேண்டிய புகை வெளியே போய்விடும். அந்த இடத்தில் கரி வரிவரியாகப் படிந்திருக்கும், குளிர்ந்த என்ஜினை ரேஸ் செய்தால் டக் டக் என்று கேட்கும், சூடானதும் சத்தம் குறையும். புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றால் டர்பைனுக்குப் போக வேண்டியது உள்ளே திரும்பிவிடுகிறது, காற்றுக்குப் பதில் புகையை உள்ளிழுத்துக் கரும்புகை தள்ளும். சைலன்சர் வரிசையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்து அது அடைத்திருந்தால் மேல் சுற்றில் மூச்சு முட்டும்.

இதற்குப் பிறகுதான் டர்போவைக் கட்டுப்படுத்தும் பாகங்கள். இப்போதைய டீசல் பக்கிகள் பெரும்பாலானவற்றில் டர்பைனைச் சுற்றி அசையும் இறக்கைகள் இருக்கும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் குறுக்கினால் தண்ணீர் பீய்ச்சுவதுபோல, குறைந்த சுற்றில் இறக்கைகள் நெருங்கிப் புகையை வேகப்படுத்தும். சுற்று ஏறியதும் விரிந்து வழிவிடும். கரி பிடித்து இவை சிக்கிக்கொள்ளும்போது எந்த நிலையில் சிக்கின என்பதை ஓட்டும்போதே அறியலாம். விரிந்த நிலையில் சிக்கினால் 2,000 சுற்றுக்குக் கீழே வண்டி செத்துக் கிடக்கும், 2,500, 3,000 தாண்டியதும் திடீரென்று உயிர் வரும். நெருங்கிய நிலையில் சிக்கினால் கீழே அபாரமாக இழுக்கும், மேலே அழுத்தம் எல்லை மீறிக் கணினி வெட்டிவிடும். அப்போது வருவது பி0299 அல்ல, பி0234. உங்களுக்கு வந்தது 0299 என்பதால் விரிந்த நிலையில் சிக்கல், அல்லது அசைக்கும் கைக்குப் பலமில்லை என்ற இரண்டும் பட்டியலில் இருக்கின்றன.

அசைக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். வெற்றிடத்தால் இயங்குவதாக இருந்தால் வெற்றிடக் கைப்பம்பை ஆக்சுவேட்டரின் (இறக்கைகளை அசைக்கும் கை) குழாயில் மாட்டி மெதுவாக இழுங்கள். தண்டு தடங்கலில்லாமல், விட்டு விட்டு இல்லாமல் நகர வேண்டும். 500 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் முழுத் தூரமும் போய், ஒரு நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். தானாகத் திரும்பினால் உள்ளே தோல் கிழிந்திருக்கிறது. நகராமல் முரண்டு பிடித்தால் இறக்கைகள் சிக்கியிருக்கின்றன. பிறகு அந்த மெல்லிய குழாய்களை முனையிலிருந்து முனைவரை தடவிப் பாருங்கள். பத்து வருடம் சூட்டில் கிடந்த குழாய் பொருந்தும் இடத்தில் விரிந்து தளர்ந்திருக்கும். நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டியதோடு சரியான வண்டிகள் உண்டு. வெற்றிடப் பம்ப் பல ஜப்பானிய டீசல்களில் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். அது தேய்ந்தால் பிரேக் மிதியும் கனக்கும், அதையும் கவனியுங்கள். மின் மோட்டாரால் இயங்குவதாக இருந்தால் ஸ்கேனரிலிருந்தே முழுதும் திறந்து மூடச் சொல்லிச் சோதிக்கலாம். கடலோர உப்புக் காற்றில் அதன் பிளக்குக்குள் பச்சை பூத்திருப்பது சாதாரணம்.

கராஜில் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது ஓடும்போது எடுத்த அளவுகள். முதலில் என்ஜினை எடுக்காமல் சாவி மட்டும் போட்டு அழுத்த சென்சார் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். டர்பனில் 100, 101 காட்ட வேண்டும். 90 அல்லது 110 காட்டினால் சென்சாரில் கரி அடைத்திருக்கிறது அல்லது அது கெட்டிருக்கிறது. டர்போ பேச்சையே அங்கே நிறுத்திவிடலாம். பிறகு வண்டியில் வழக்கமான சுமையை ஏற்றி, பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து 3,500 வரை முழு மிதியில் ஏற்றி, கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், உள்ளே போகும் காற்றின் அளவு, இறக்கைகளின் நிலை ஆகிய நான்கையும் பதிவு செய்ய வேண்டும். காற்று நிறைய உள்ளே போகிறது, ஆனால் அழுத்தம் ஏறவில்லை என்றால் டர்போவுக்குப் பின்னால் எங்கோ கசிகிறது. காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு என்றால் முன்னால் அடைப்பு, இஜிஆர் திறந்திருப்பது, அல்லது டர்போ வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை. கீழ்ச் சுற்றில் கேட்டதைக் கொடுத்து, மேல் சுற்றில் மட்டும் பின்தங்கினால் ஃபில்டர், உள்ளே ஒட்டும் ஓஸ், சைலன்சர் அடைப்பு, தேய்ந்த டர்போ என்று சந்தேகம் குறுகும். இந்தப் பதிவு இல்லாமல் டர்போ விலையைச் சொல்லும் கராஜை விட்டு வேறிடம் போவது நல்லது.

டர்போவை நேரடியாகப் பார்ப்பது கடினமல்ல. என்ஜின் குளிர்ந்த பிறகு வாய்க்குழாயைக் கழற்றி, கம்ப்ரசர் சக்கரத்தின் நடு நட்டை இரு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடத்தான் செய்யும். அதன் பேரிங்குகள் ஆயிலின் மேல் மிதப்பவை, ஆயில் இல்லாமல் நிற்கும்போது ஆட்டம் தெரியும். அதைக் காட்டி டர்போ போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். பக்கவாட்டில் தள்ளியபடியே சுற்றிப் பார்க்க வேண்டும்: சக்கரம் கூட்டில் உரசக்கூடாது, கூட்டின் சுவரில் உரசிய வளையம் இருக்கக்கூடாது. முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. அந்தத் திசையில் அனுமதி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே டக் என்று தட்டினால் டர்போவின் காலம் முடிந்தது. அந்தச் சக்கரத்தின் இறக்கைகளின் நுனியில் வெட்டு, வளைவு இருந்தால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே போயிருக்கிறது. டர்பைன் பக்கம் அடிபட்டிருந்தால் என்ஜினுக்குள்ளிருந்து ஏதோ உடைந்து வந்திருக்கிறது. என்ஜினைச் சூடாக்கும் க்ளோ பிளக்கின் நுனியையும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் பார்க்காமல் புது டர்போ போட்டால் அதுவும் அடிபடும்.

ஓஸுக்குள் ஆயில் இருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். மெல்லிய படலம் இயல்பு, அது கிராங்க் பெட்டியின் மூச்சுக்குழாயிலிருந்து வருவது. இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்தால் டம்ளர் அளவுக்கு ஊற்றினால்தான் கவலை. அப்போதும் டர்போவை மட்டும் பழிக்க முடியாது. டர்போவில் ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய இரும்பு வளையம். இரு பக்கமும் அழுத்தம் சரியாக இருக்கும்வரை மட்டுமே அது தடுக்கும். ஆயில் கீழே வடிந்து போகும் குழாய் அடைத்தாலோ, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலோ, மூச்சுக்குழாய் அடைத்துக் கிராங்க் பெட்டியில் அழுத்தம் ஏறினாலோ நல்ல டர்போவும் கசியும்.

இங்கே வந்துவிட்டதால் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்: டர்போ தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று, சிறியவற்றில் அதற்கும் மேல். தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் படலம் சில நொடி இல்லாமல் போனாலே போதும். தண்டு நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் வரவில்லை. பேரிங்கில் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால் ஆயில் அழுக்கு. கம்ப்ரசர் சக்கரத்தின் பின்புறம் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருந்தால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றியிருக்கிறது. கசிவை ஈடுகட்ட மலையில் மாதக்கணக்கில் பாடுபட்ட டர்போவில் இதை எதிர்பார்க்கலாம். உங்கள் டர்போ உண்மையிலேயே போயிருந்தால் பழையதைத் திரும்ப வாங்கி இந்த அடையாளங்களைப் பாருங்கள், அல்லது பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

என்ன வண்டி என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். 1கேடி என்ஜின் உள்ள டொயோட்டா ஹைலக்ஸ் 3.0 டி4டி என்றால் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷர்கள் கசிந்து, எரிந்த வாயு ஆயிலில் கலந்து, கரி கெட்டியாகி, எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஆயிலை உறிஞ்சும் வலையை அடைப்பது அறிந்த சிக்கல். டர்போ மாற்றும் முன் வடிகால் துளை வழியாகச் சிறு கேமரா விட்டு அந்த வலையைப் பார்க்கச் சொல்லுங்கள். 2011-க்குப் பிந்தைய ஃபோர்டு ரேஞ்சர் 2.2 அல்லது 3.2 டீசல் என்றால் ஆயிலை வடித்துவிட்டு நெடுநேரம் விடக்கூடாது. பத்து நிமிடத்துக்குள் புது ஆயில் ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் உறிஞ்சும் பிடியை இழந்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் ஏறாது. காலையில் வடிக்கவிட்டு மதியச் சாப்பாடு முடித்து வந்து ஊற்றுகிற பழக்கம் அந்த என்ஜினையே கொன்றுவிடும்.

ரீகண்டிஷன் டர்போ கெட்டதல்ல. நல்ல கையில் செய்தது புதிதுக்கு இணையாக உழைக்கும். கேட்க வேண்டியவை இரண்டு காகிதங்கள்: தண்டும் சக்கரமும் சேர்ந்த நடுப்பகுதியை உயர்வேகத்தில் பேலன்ஸ் செய்த அறிக்கை, அசையும் இறக்கைகளின் காற்றோட்டத்தை இயந்திரத்தில் வைத்து அமைத்த அறிக்கை. விலை குறைந்த நடுப்பகுதியை வாங்கிப் பழைய கூட்டில் செருகித் தருபவர்களிடம் முதல் காகிதம் சில சமயம் இருக்கும், இரண்டாவது இருக்காது. அந்த அமைப்பு தவறினால் புது டர்போ போட்ட மறுநாளே அதே பி0299 திரும்பி வரும். கரி பிடித்த இறக்கைகளைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் சரியான வழிதான், ஆனால் இறக்கைகளின் எல்லையைத் தீர்மானிக்கும் சிறு திருகைத் தொடக்கூடாது. கழற்றாமலே தெளித்தோ டீசலில் ஊற்றியோ சுத்தம் செய்யும் மருந்துகள் லேசான கரிக்கு உதவலாம். இறுகிச் சிக்கியதை அவை விடுவிக்கும் என்று நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பொருத்தும் முறைதான் அதன் ஆயுள். ஆயிலும் ஃபில்டரும் புதிது, ஃபில்டரில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு உள்ளதாக இருக்க வேண்டும். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாயைச் சுத்தம் செய்வதைவிட மாற்றுவதே மேல். உள்ளே சூட்டில் இறுகிய கரி கழுவினால் போகாது, பாதி பெயர்ந்து பிறகு அடைக்கும். அதன் போல்ட்டுக்குள் சின்ன வலை இருந்தால் அதையும் பாருங்கள். ஆயில் வழியில் உள்ள கேஸ்கெட்டுகளில் சிலிக்கோன் பசை வேண்டவே வேண்டாம், பிதுங்கிய துணுக்கு துளையை அடைக்கும். பழைய டர்போ சிதறியிருந்தால் இன்டர்கூலருக்குள் அலுமினியத் துகள் தங்கியிருக்கும். கழுவி முழுதும் எடுக்க முடியாவிட்டால் மாற்றுங்கள். ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பிறகு குழாயை மாட்டுங்கள். இன்ஜெக்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடி என ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ரேஸ் செய்யாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். இத்தோடு ஆயில் அழுத்தத்தை மீட்டர் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். நன்றாகச் சூடான என்ஜினில் ஐடிலிங்கில் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கினால் டர்போவை விட்டுவிட்டு என்ஜினைப் பற்றி யோசிக்க வேண்டும். சரியான அளவு அந்தந்த என்ஜினின் கையேட்டில் இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கிளிப்பையும் மறுபடி இறுக்குங்கள்.

பராமரிப்பில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுமையோடு மலையேறும் வண்டிக்குக் கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கென்று தனியே போட்டிருக்கும் இடைவெளியில் ஆயில் மாற்றுங்கள், கையேட்டில் சொன்ன தரத்தில். இங்கே 500 பிபிஎம், 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு கந்தகம் என்ற அளவு) என்று இரண்டு டீசலும் கிடைக்கிறது. 500-இல் கந்தகம் அதிகம், ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும், அதனால் 50-ஐயோ அதற்கும் குறைந்ததையோ போடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்துக்கு ரேஸ் வேண்டாம். கணவாய் ஏறி முடித்து ஹாரிஸ்மித்தில் டீ குடிக்க நிறுத்தும்போது உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். டர்பைன் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும், ஓட்டம் நின்ற ஆயில் அங்கேயே வெந்து கரியாகும்.

கடைசியாக, இந்த வாரம் லெனேசியா போகலாமா. நீலப்புகை இல்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையவில்லை, உரசும் சத்தமோ சைரன் போன்ற கூவலோ இல்லை என்றால் பாதிச் சுமையோடு போகலாம். ஏற்றத்தில் மிதியை முழுதும் அழுத்தாமல், கரும்புகை தெரியும் முன்பே கியரைக் குறைத்து இடது தடத்தில் ஏறுங்கள். அந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். டர்போ வழியாக ஆயில் உள்ளே கொட்டினால் டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்து, சாவியை அணைத்தும் நிற்காமல் தானாகச் சுற்று ஏறும், வெள்ளையும் நீலமுமாகப் புகை சாலையை மூடும். அப்படி நடந்தால், கை கியர் வண்டியில் பிரேக்கை முழுதும் மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் அது முடியாது. காற்று வாயைத் தடித்த பலகையால் மூடலாம் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பானை அதற்குள் அடிக்கலாம், கையையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது. இரண்டும் கைவசம் இல்லையென்றால் எல்லோரையும் இறக்கிக்கொண்டு தடுப்புக்கு அப்பால் தள்ளி நில்லுங்கள். நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல் டோ வண்டியை அழையுங்கள். பூவையும் இலையையும் வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.